சைரன் சத்தம் குறைந்த வாரம்

அந்த ஒர்க்‌ஷாப்பின் முன்னறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு வண்டியை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காது இருந்தால் போதும்.

பின்கட்டில் அவள் வீட்டுக்காரர் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பார். இன்ஜினில் பொறி கிளப்பும் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி அதற்குள் ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டு, மறுகையால் ஸ்டார்ட்டர் கயிற்றைச் சுண்டி இழுப்பார். இன்ஜின் சுற்றும். காயில் என்ற கம்பிச் சுருளிலிருந்து கிளம்பும் கரண்ட் விரல் வழியாக ஏறி, உடம்பு வழியாக இறங்கி, தரைக்குப் போகும். போகிற போக்கில் அவர் வாயையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். "ஸ்ஸ்" என்றால் கரண்ட் செத்துக் கிடக்கிறது. "ஆ" என்றால் வீக். "ஐயோ" என்றால் வண்டி ஓடும், ஆனால் மேடு ஏறாது. "ஐயய்யோ அம்மா" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்டால் முதல்தரமான கரண்ட், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

தெருவில் அவருக்கு சைரன் என்று பெயர். வைத்தவன் யார் என்று தெரியாது. யாராக இருந்தாலும் நல்ல காது உள்ளவன்.

அவள் முன்னறையில் போனும் ரசீதுமாக உட்கார்ந்து, உள்ளேயிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டு, எதிரே காத்திருக்கிறவர்களுக்கு விவரம் சொல்வாள். "காயில் போயிடுச்சுங்க." "பிளக் மட்டும் மாத்தினா போதுங்க." ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சொல்வது மாதிரி நிதானமாகச் சொல்வதால் அவளுக்கு ரிப்போர்ட் அக்கா என்று பெயர். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பிழைக்கிறார்கள். புருஷனுடைய அலறலுக்கு அர்த்தம் சொல்லிப் பிழைத்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து ஓடுவாள். பிறகு ஓடுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் நெஞ்சு திடுக்கிடுவதை நிறுத்தவில்லை. கையில் டீ இருந்தால் பாதி சாஸரில் இருக்கும். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாளும் முழு டீ குடித்ததில்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்.

இந்தக் கொடுமைக்கு ஒரு மாற்று அவள் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு கருவி, நடுவில் கண்ணாடி ஜன்னல். பிளக்குக்கும் ஒயருக்கும் நடுவில் மாட்டினால் பொறி எப்படிப் பாய்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம், விரலைக் கொடுக்க வேண்டாம். அவளுடைய அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர்தான் அதை அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். "இனிமேலாவது மனுஷன் மாதிரி வேலை செய்யுங்க சகலை" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக் கொடுத்தார். அன்றைக்கு இழுப்பறைக்குள் போனதுதான், உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

சைரன் கடையில் முக்கால்வாசி வேலை ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. ஊருக்கு வெளியே பழைய கல்குவாரியில், நாலு பருத்த டயர்கள் போட்ட குவாட் பைக்குகளை வாடகைக்கு விட்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டச் சொல்லும் ஒரு விளையாட்டு மைதானம். காசு கொடுத்து முதுகெலும்பைக் குலுக்கிக்கொள்வதற்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். குலுங்கிய வண்டிகளெல்லாம் சைரனிடம் வந்தன.

விடுமுறை தொடங்கும் சனிக்கிழமைக்குச் சில நாள் முன்னால், அந்த மைதானத்தின் மேனேஜர் மஞ்சள் வண்டி ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சரிவில் ஏறும்போது வண்டி இருமி இருமி நின்றுவிடுகிறதாம். அதுவும் எங்கே நிற்கிறது, வளைவில் போய்க் குறுக்கே நிற்கிறது, பின்னால் வந்த வண்டியெல்லாம் கல்யாண ஊர்வலம் மாதிரி வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன, ஓட்டிவந்த மாப்பிள்ளைப் பையன் பெண் வீட்டார் கண்ணெதிரே இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது, அந்தச் சம்பந்தம் நிலைக்குமா என்றே தெரியவில்லை என்று மூச்சுவிடாமல் கொட்டினார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவள் ரசீதுப் புத்தகத்தை மூடிவைத்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். இது ஏறலேன்னா எல்லா வண்டியையும் கம்பெனி சர்வீஸுக்கே கொடுத்துடுவேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைத்துக்கொள்ளாமல் வேறு எப்படி நினைத்துக்கொள்வது. அந்த வண்டிகள் போனால் கடை போகும். கடை போனால் என்ன ஆகும் என்பதை அக்கா ஏற்கெனவே போனில் சொல்லிவைத்திருந்தாள். குத்திக்காட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம், பாவி அன்பாகச் சொன்னாள். "கஷ்டம்னா சொல்லு. இவர் கடையில உன் வீட்டுக்காரர் கவுண்டர்ல நிக்கட்டும். நிழல், மேல ஃபேன் வேற ஓடுது." சகலையின் கடையில், சகலையின் ஃபேனுக்குக் கீழே, சகலை எடுத்துத் தரச் சொல்லும் பிளக்கை எடுத்துத் தந்துகொண்டு நிற்பதா. அதைக் கேட்டதிலிருந்து சைரன் வீட்டு ஃபேனையே போடுவதில்லை.

மஞ்சள் வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி வைத்தார். விரலை விட்டார். கயிற்றைச் சுண்டினார்.

"ஸ்ஸ்."

முன்னறையில் அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். சைரன் பாஷையில் அதைவிடத் தெளிவான பதில் கிடையாது. கரண்ட் செத்துக் கிடக்கிறது, பொறி இப்படிச் சாகக் கிடந்தால் சமதரையில் ஓடும் வண்டி சரிவில் திணறத்தானே செய்யும். அத்தான் கடைக்குப் போன் போட்டுப் புதுக் காயில் வரவழைத்தாள். சைரன் மாட்டினார். விரலை விட்டார்.

"ஸ்ஸ்."

பிளக்கை மாற்றினார். தொப்பியை மாற்றினார். ஒயரை மாற்றினார். கரண்ட்டை எப்போது பாய வேண்டும் என்று சொல்கிற குட்டிப் பெட்டியையும் மாற்றினார். அத்தானுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: மாற்று. போனை எடுத்தாலே ஹலோவுக்குப் பதிலாக "மாத்திடு" என்பார். மாற்ற மாற்ற உள்ளேயிருந்து பாம்புப் பெட்டியைத் திறந்தது போல "ஸ்ஸ், ஸ்ஸ்" என்று வந்துகொண்டிருந்ததே தவிர, ஒரு "ஆ"கூட வரவில்லை.

சைரன் அந்த வாரம் வழக்கத்துக்கு மாறாக நொண்டிக்கொண்டிருந்தார். சில நாள் முன்னால் உடைந்த வாஷர் ஒன்று குதிகாலில் ஏறிவிட்டது. டாக்டர் ஊசி போட்டு, இனி வெறுங்காலோடு அந்தப் பட்டறையில் கால் வைத்தால் என்னிடம் வராதே என்று திட்டி அனுப்பினார். அவள் அன்றைக்கே கடைக்குப் போய், அடியில் செங்கல் பருமனுக்கு ரப்பர் வைத்த பூட்ஸ் ஒன்றை வாங்கிவந்து மாட்டிவிட்டாள். மெத்தை மேல் நடப்பது போல இருக்கிறது, பிழைப்பு நடத்துகிறவன் போடுகிற செருப்பா இது என்று புலம்பினார். குதிகால் வலித்ததால் கழற்றவில்லை.

மறுநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மைதானத்திலிருந்து சாதாரண சர்வீஸுக்கு வந்து, ஒரு குறையும் இல்லாமல் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்த சிவப்பு வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, ஒப்பிட்டுப் பார்க்க அதிலும் விரலை விட்டார்.

"ஸ்ஸ்."

பச்சை வண்டியிலும் அதே கதை. புல்வெட்டும் மெஷினை பிளேடு மாற்றக் கொடுத்துவிட்டு எடுத்துப்போக வந்த தோட்டக்காரர் ஒருவர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து "ஸ்ஸ்" என்று வந்தது. அவள் பழக்க தோஷத்தில், "உங்க மெஷின்ல கரண்ட்டே இல்லீங்க, காயில் போயிடுச்சு" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, அந்த மெஷின் பின்கட்டில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகி முழங்கியது. தோட்டக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். ரிப்போர்ட் அக்காவின் ரிப்போர்ட் பொய்த்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

எல்லா வண்டியிலும் கரண்ட் செத்துக் கிடக்கிறது என்றால் என்ன அர்த்தம். சைரன் மண்டையைக் குடைந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: சகலை கடையில் வாங்கிய காயில் அத்தனையும் டூப்ளிகேட். ஓடுகிற வண்டி எப்படி ஓடுகிறது என்று அவள் கேட்டதற்கு, அது வண்டியின் நல்ல மனசு என்றார். போன் போட்டு சகலையிடம் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னார். இருபது வருஷமாகக் கடை நடத்துகிறேன், ஒரு போலி ஆணிகூட விற்றதில்லை என்று அத்தான் அந்தப் பக்கம் குதித்தார். அடுத்த நிமிஷம் அக்கா லைனில் வந்து, உன் வீட்டுக்காரர் இப்படிப் பேசலாமா என்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, ஃபேன் விஷயத்தையும் மறக்காமல் ஞாபகப்படுத்தினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் டீ எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். சைரன் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து தன் விரலைத் தானே கிள்ளிக்கொண்டிருந்தார். டீயை வாங்கினார். குடிக்கவில்லை. ஆள்காட்டி விரலை அதற்குள் விட்டுப் பார்த்தார். சுட்டதும் எடுத்துக்கொண்டார், ஆனாலும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, அவள் பக்கம் கையை நீட்டினார்.

"நீ ஒரு தடவ கிள்ளு. நல்லாக் கிள்ளு."

"என்னங்க இது, சின்னப் புள்ள மாதிரி?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காயில்ல தப்பில்லம்மா. அவர்கிட்ட வீம்புக்குக் கத்திட்டேன். என் கைதான் செத்துப்போச்சு. கரண்ட் வருது, எனக்குத் தெரிய மாட்டேங்குது. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் கையில ஆரம்பிச்சுது."

அவள் டீயை வாங்கிக் கீழே வைத்தாள். பயமாக இருந்தது. மாமனார் கடைசி வருஷத்தில் ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் தவித்ததை அவளும் பார்த்திருக்கிறாள். இவர் போடும் அந்தச் சத்தத்தை எத்தனை தடவை சபித்திருப்பாள், ஒரு நாளாவது இந்த வீடு அமைதியாக இருக்காதா என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள். இந்த வாரம் முழுக்க அவள் ஒரு சொட்டுச் சிந்தாமல் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் வாங்கக் கூடாத லஞ்சத்தை வாங்கிவிட்டது போலக் கூசியது. அவர் விரலைக் கிள்ளினாள். "வலிக்குது" என்றார். வலித்ததில் இருவருக்கும் கொஞ்சம் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அத்தானே நேரில் வந்துவிட்டார். மானப் பிரச்சினை அல்லவா. தன் சரக்கு சுத்தமான சரக்கு என்று நிரூபித்துவிட்டுத்தான் மறுவேலை என்று வாசலிலேயே அறிவித்தார். அவருக்கு உயிரைவிட வெள்ளைக் கேன்வாஸ் ஷூ முக்கியம். பின்கட்டின் சேற்றையும் எண்ணெயையும் ஒரு பார்வை பார்த்தார். ஷூவைக் கழற்றிப் படியில் ஜோடியாக வைத்தார், சாக்ஸைச் சுருட்டி அதற்குள் வைத்தார், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து முன்னறையில் போன் அடித்தது. மேனேஜர். வண்டி என்ன ஆயிற்று, நான் கிளம்பட்டுமா, இல்லை கம்பெனிக்காரனுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். அவள் போனை ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு மாற்றினாள். உள்ளே அத்தானின் குரல் கேட்டது. "இதுல கரண்ட் இல்லேங்கிறீங்க? விரலை நான் விடறேன், கயித்த நீங்க இழுங்க சகலை." கயிறு இழுபடும் சத்தம் கேட்டது.

"ஐயய்யோ அம்மா!"

தெருக்கோடியில் ஒரு நாய் குரைத்தது. எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"கரண்ட் பிரமாதமா இருக்குங்க."

"அப்படியா? அப்ப இதோ கிளம்பிட்டேன்" என்று மேனேஜர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது, சத்தம் வீட்டுக்காரருடையது அல்ல.

ஓடிப்போய்ப் பார்த்தாள். அத்தான் வண்டி கழுவும் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். தலைமுடி, மீசை எல்லாம் இடம் மாறியிருந்தன. ஆனால் முகத்தில் வெற்றிக் களை தாண்டவமாடியது. "ஒரிஜினல்" என்றார் தொட்டிக்குள்ளிருந்தபடியே. "நம்ம சரக்கு ஒரிஜினல்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சைரன் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். இதே மஞ்சள் வண்டி, இதே தொப்பி. இவருக்கு ஒன்றுமில்லை, சகலையைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டுவிட்டது. இனிச் சந்தேகப்பட என்ன இருக்கிறது. மெதுவாகக் கைப்பிடியை விட்டார். தொட்டியிலிருந்து எழுந்து வந்த அத்தான் சகலையின் முகத்தைப் பார்த்ததும் ஜெயித்த மிதப்பெல்லாம் இறங்கிப்போய், நிஜமாகவே இரக்கப்பட்டு, தோளில் ஈரக் கையை வைத்தார்.

"விடுங்க சகலை. உடம்புதான் முக்கியம். திங்கக்கிழமை கடைக்கு வாங்க. மேல ஃபேன் இருக்கு."

சைரன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்பது போல ஆட்டினார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவளும் தலையைக் குனிந்தாள். குனிந்த இடத்தில் நாலு கால்கள் தெரிந்தன. அத்தானின் வெளுத்த பாதங்கள் இரண்டு, தரையில் தேங்கிய தண்ணீருக்குள் விரல்களைச் சுருட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு செங்கல் உயரத்தில், அவள் வாங்கிக் கொடுத்த பூட்ஸ்.

எப்போதிலிருந்து இந்த "ஸ்ஸ்" என்று அவள் யோசித்தாள். ஊசி போட்டுக்கொண்டு வந்த நாளிலிருந்து. அதற்கு முந்தின நாள்கூட ஒரு வண்டிக்கு எதிர் வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்கிற மாதிரி கத்தினார். கரண்ட் அப்படியேதான் இருந்திருக்கிறது. தரைக்குப் போகிற வழியைத்தான் அவள் கடையில் காசு கொடுத்து வாங்கிய ரப்பரால் அடைத்துவைத்திருக்கிறாள்.

உடனே சொல்லியிருப்பாள் என்று நினைப்பீர்கள். சொல்லவில்லை. சொன்னால் பூட்ஸ் குப்பைக்குப் போகும், மறுபடி வெறுங்கால், மறுபடி அந்தச் சத்தம், ஆயுளுக்கும் பாதி டீ. சொல்லாவிட்டால் வீடு நிம்மதியாக இருக்கும், புருஷன் நிழலில் நிற்பார், விரல் பிழைக்கும். அக்கா சொன்னது போல ஃபேன் வேறு. அப்புறம் அவர் குனிந்த தலையை மறுபடி பார்த்தாள். இந்த மனுஷன் திங்கட்கிழமை கவுண்டருக்குப் பின்னால் இதே தலையோடு நிற்பார் என்று தோன்றியது.

"என்னங்க, பூட்ஸக் கழட்டுங்க" என்றாள்.

"குதிகால்ல..."

"கழட்டுங்க சொல்றேன். கழட்டிட்டு விரல விடுங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மனைவியின் குரல் அப்படி இருந்தால் கேள்வி கேட்கக் கூடாது என்பது தெரியும். கழற்றினார். ஈரத் தரையில் பாதத்தைப் பதித்தார். தொப்பிக்குள் விரலை விட்டுக் கயிற்றைச் சுண்டினார்.

அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தைப் பற்றித் தெருவில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். கத்தி முடித்ததும் சைரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஷாக் அடித்ததில் வந்த தண்ணீர் என்று சொல்லிக்கொண்டார். கை செத்துப்போகவில்லை, சிங்கம் மாதிரி இருக்கிறது. அதோடு விட்டாரா, சிவப்பு வண்டிக்குப் போய் ஒரு தடவை கத்தினார், பச்சை வண்டிக்குப் போய்க் கத்தினார், ரிப்பேருக்கே வராமல் ஓரமாக நின்ற தன் சொந்த வண்டியிலும் விரலைவிட்டு ஆசைதீரக் கத்திவிட்டு வந்தார். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சகலையிடம் மன்னிப்புக் கேட்டார். அத்தான் பெருந்தன்மையாக மன்னித்தார். மன்னித்த கையோடு வேண்டாத ஒரு கேள்வியையும் கேட்டார்.

"சரி சகலை, மஞ்சள் வண்டியில கரண்ட் இவ்வளவு நல்லா இருக்கே, அப்புறம் ஏன் அது ஏத்தத்துல நிக்குது?"

எல்லார் முகத்திலும் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஆமாம், இத்தனை கூத்தும் அதற்காகத்தானே. வந்த நோய் வந்தபடியே இருக்கிறது. மேனேஜர் பாதி வழி வந்திருப்பார். அதுவும் யார் பேச்சை நம்பி வருகிறார், ரிப்போர்ட் அக்கா பேச்சை நம்பி.

அவள் முன்னறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து அந்தக் கருவியை எடுத்துவந்தாள். பார்த்ததும் சைரன் முகம் கோணிப்போனது. கை சரியாகத்தானே இருக்கிறது, அப்புறம் எதற்கு இது என்றார். அத்தான் வாயைத் திறக்கப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"உங்க கை பொய் சொல்லாது, ஒத்துக்கிறேன்" என்றாள். "ஆனா ஒரு தடவ இழுக்கறப்ப மட்டுந்தான் அதுக்குத் தெரியும். வண்டி ஓடறப்ப யாரு விரல வச்சுக்கிட்டே இருக்கறது? ஓடும்போதுதானே நிக்குது. பூட்ஸ் ரகசியத்தை நான் சொன்னேன்ல? அதுக்காக இத ஒரு தடவ மாட்டுங்க."

சைரன் கருவியை அவள் கையிலிருந்து வாங்கினார். உறையைப் பல்லால் கிழித்து மாட்டினார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். கண்ணாடி ஜன்னலுக்குள் நீலப் பொறி தட்டுத் தடங்கலில்லாமல் தெறித்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினார், அப்போதும் நன்றாகத்தான் தெறித்தது. ஏற்றம் போல இருக்கட்டும் என்று முன்சக்கரங்களைப் பலகைமேல் தூக்கி வைத்தார்கள். பொறி அசையவில்லை. அத்தான் பழக்கத்தை விட முடியாமல், "எதையாவது மாத்திடலாமா" என்று முனகினார்.

அவள் கண்ணை மூடி மேனேஜர் கொட்டிய புலம்பலை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். சரிவு, இருமல், ஹாரன், மாப்பிள்ளைப் பையன். குறுக்கே நிற்கிறது என்றார். எங்கே குறுக்கே? வளைவில். எல்லாரும் சரிவையே பிடித்துக்கொண்டு தொங்கினார்களே, வளைவை யாருமே கவனிக்கவில்லையே. வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்து வலது பக்கம் முழுக்கத் திருப்பினாள். ஒன்றுமில்லை. இடது பக்கம் திருப்பினாள். ஜன்னலுக்குள் நீலப் பொறி மஞ்சளாக மெலிந்து, தூக்கம் வந்த கண் மாதிரி சிமிட்டியது. இன்ஜின் இருமியது. நேராக்கினாள், பொறி பழையபடி நீலமானது.

சைரனுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, இன்ஜினை நிறுத்துகிற ஸ்விட்சிலிருந்து இறங்கி வரும் ஒயரை ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டே போனார். ஹேண்டில்பாரின் கழுத்துக்குக் கீழே, கண்ணுக்கே தெரியாத ஓர் இடுக்கில் விரல் நின்றது. இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் அந்த ஒயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் உரசி உரசித் தோல் தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. சட்டத்தைத் தொடுகிற போதெல்லாம் பொறிக்குப் போக வேண்டிய கரண்ட் அந்த வழியாக நழுவியிருக்கிறது. அத்தான் கடையில் பாதியை வாங்கி மாட்டிய வண்டிக்கு, கடைசியில் ஒரு சாண் டேப் சுற்றி, ஒயரை உரசாத பக்கமாக ஒதுக்கிக் கட்டியதோடு வைத்தியம் முடிந்தது.

மேனேஜர் வந்ததும் வண்டியை லாரியில் ஏற்றிக் குவாரிக்கே கொண்டுபோனார்கள். சைரனே ஓட்டினார். சரிவில் ஏறி, இடது வளைவில் வேண்டுமென்றே நன்றாகத் திருப்பி, உச்சிக்குப் போய் நின்று கையை ஆட்டினார். மேனேஜர் கம்பெனிக்காரனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இன்னும் இரண்டு வண்டி வாங்கப் போகிறேன், அதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். அன்று ராத்திரி வீட்டில் ஃபேன் ஓடியது.

அப்புறம் அவள் தன் பங்குக்கு ஓர் ஒப்பந்தம் போட்டாள். குதிகால் ஆறினாலும் ஆறாவிட்டாலும் பூட்ஸ் காலில் இருக்க வேண்டும், கருவி சட்டைப் பையில் இருக்க வேண்டும், விரல் தொப்பிக்கு வெளியே இருக்க வேண்டும். அவர் முணுமுணுத்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். ஜன்னலுக்குள் நீலப் பொறியைப் பார்ப்பதில் அவருக்கே ஒரு ருசி வந்துவிட்டது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

விடுமுறை தொடங்கியது. கடையில் கூட்டம். அவள் முன்னறையில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே நாலைந்து பேர், எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு. உள்ளே கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் என்ன ஆச்சு என்று கேட்டு வந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது ஆள், "என்னக்கா, இப்பல்லாம் நீங்க பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?" என்றான். டீ முழுசாக இருந்தது. குடிக்கத்தான் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக அவர் உள்ளேயும் அவள் வெளியேயும் இருந்துகொண்டு ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள், இப்போது ரெண்டு வீடாகப் பிரிந்துவிட்டது போலிருந்தது.

"ஐயய்யோ அம்மா!"

டீ சாஸரில் கொட்டியது. அடக் கடவுளே, மறுபடியும் விரலை விட்டுவிட்டாரா, பூட்ஸைக் கழற்றிவிட்டாரா என்று பதறிப்போய் எழுந்து உள்ளே ஓடினாள்.

சைரன் இரண்டு கால்களிலும் பூட்ஸோடு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். கருவி பிளக்கில் மாட்டியிருந்தது. அதன் ஜன்னலைக் குனிந்து பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், முன்னறைப் பக்கம் முகத்தைத் திருப்பி இன்னொரு தடவை கத்துவதற்கு மூச்சை இழுத்தார். கதவருகில் அவளைப் பார்த்ததும் இழுத்த மூச்சு அப்படியே நின்றது.

"உனக்குத் தெரிய வேண்டாமா" என்றார்.

அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சாஸரில் கிடந்த டீயைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு, எதிரே காத்திருந்தவனைப் பார்த்தாள்.

"கரண்ட் பிரமாதமா இருக்குங்க" என்றாள்.